கார்போக அரிசியும் 68 வெள்ளி சீரமும்: முகத்துக்கு எது?

மாலா_செங்காங் | திங்கள், காலை 10.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு. ரெண்டு கன்னத்துலயும் மங்கு விழுந்திருக்கு, கண்ணோரத்துல கோடு தெரிய ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு மருந்துக் கடையில பச்சைத் தேயிலைச் சாறு போட்ட சீரம் வாங்கினேன், 68 சிங்கப்பூர் வெள்ளி. "ஆன்டிஆக்ஸிடன்ட் இது, தோல் வயசாகாம பார்த்துக்கும்"னு கடைப் பொண்ணு சொன்னாங்க. வாங்கினப்போ இளமஞ்சளா இருந்துச்சு. குளியலறை ஜன்னல் ஓரமா வச்சிருந்தேன். இப்போ தூக்கிப் பார்த்தா தே-ஓ (பால் விடாத தேநீர்) நிறத்துக்கு வந்திருக்கு. ஏன்னு தெரியலை.

அம்மா காரைக்குடியில இருந்து சிங்கப்பூருக்கு வந்திருக்காங்க. அந்த விலையைக் கேட்டுட்டு ரெண்டு நாள் தாங்கமாட்டாம இருந்தாங்க. அப்புறம் தேக்கா சந்தைக்குப் போய் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி எல்லாம் வாங்கிட்டு வந்து நலங்கு மாவுக்குக் காய வச்சுட்டாங்க.

இதுக்கு நடுவுல அதே மருந்துக் கடையில கேட்டா, "அதை விடுங்க, பக்கூச்சியால் சீரம் எடுங்க, செடியில இருந்து எடுத்தது, ரெட்டினால்ங்கிற வைட்டமின் ஏ சீரம் மாதிரி எரியாது"ங்கிறாங்க. பெட்டியைத் திருப்பிப் படிச்சேன். செடி பேரு சொராலியா கோரிலிஃபோலியா. வீட்டுக்கு வந்து தேடினா, அது நம்ம கார்போக அரிசியேதான்! தாம்பாளத்துல கறுப்பா, அவரைவிதையைச் சின்னதாக்கின மாதிரி கிடக்குது. ஒரு கைப்பிடி சில்லறைக் காசு. கடையில 30 மில்லி 80 வெள்ளிக்கு மேல. ரெண்டும் ஒண்ணுதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராஜம்_உட்லண்ட்ஸ் | திங்கள், காலை 11.40

மாலா கண்ணு, அம்மா சொல்வதைக் கேள். எனக்கு 71 வயது. பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் தவிர முகத்துக்கு வேறெதுவும் போட்டதில்லை. என் அம்மாவும் அப்படித்தான். பாட்டிலில் வருவதெல்லாம் நம் வீட்டுச் சரக்கைப் பிழிந்தெடுத்து நமக்கே விற்பதுதான். மாவை அரைத்து வைத்துக்கொள். எலுமிச்சம்பழச் சாறு நாலு சொட்டு விட்டுக் குழைத்துப் பூசினால் மங்கு மறையும்.

இரவு_தாதி | திங்கள், மாலை 5.05

ராஜம் அம்மா, மரியாதையோடு ஒண்ணு சொல்றேன், எலுமிச்சை மட்டும் வேண்டாம். மாலா, தயவுசெஞ்சு போட்டுடாதீங்க.

நான் தாதியா இருக்கேன். போன வருஷம் என் தங்கச்சிக்கே நடந்தது. ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில பொரிச்ச மீனுக்கு எலுமிச்சை பிழிஞ்சிருக்கா. சாறு புறங்கையில வழிஞ்சு மணிக்கட்டு வரைக்கும் போயிருக்கு, டிஷ்யூல தொடைச்சுட்டு வெயில்ல உக்காந்திருக்கா. ரெண்டாம் நாள் சிவந்து கொப்புளம். கொப்புளம் ஆறினதும், சாறு ஓடின அதே தாரை தாரையா கறுப்புக் கோடு. நாலு மாசம் போகலை. சமையல்ல சூடுபட்டுடுச்சான்னு எல்லாரும் கேட்டாங்க.

எலுமிச்சையில, குறிப்பா அந்தப் பச்சைத் தோல்ல, ஃபியூரோகூமரின்னு ஒரு ரசாயனம் இருக்கு. தோல்மேல சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. வெயில்ல இருக்கிற புறஊதா ஏ கதிர் பட்டதும் செல்லைச் சுட்டுடும். மங்கு இருக்கிற முகத்துல அந்தச் சூடு விழுந்தா கறுப்பு மேல கறுப்பு.

துவாஸ்_கலவைக்காரன் | திங்கள், இரவு 9.30

தாதி அக்கா சரியான இடத்தைத் தொட்டுட்டாங்க. நான் அங்கிருந்தே பிடிச்சுக்கிறேன். துவாஸில் கிரீம், லோஷன் தயாரிக்கிற தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் 14 வருஷமா இருக்கேன். மாலா அக்கா, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. முதலில் பாட்டில் ஏன் கறுத்தது.

அம்மா வாழைப்பூ ஆயும்போது கவனிச்சிருப்பீங்க. நறுக்க நறுக்க மோர்த்தண்ணியில் போடுவாங்க. வெளியே விட்டால் கொஞ்ச நேரத்தில் கறுத்துடும். கறுக்கிறது பூவில் இருக்கிற பாலிஃபீனால். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அது உருமாறுது, மோரின் புளிப்பு அந்த வேலையை மந்தப்படுத்துது. பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி அதே குடும்பத்துப் பொருள்தான். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ன செய்யும்? வெயிலால் தோலுக்குள் உண்டாகிற முரட்டு ஆக்சிஜன் துணுக்குகளுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அடக்கிட்டுத் தான் கெட்டுப்போகும். அதுதான் அதன் வேலை. உங்க கன்னத்தில் கெட்டிருக்க வேண்டியது, குளியலறை வெளிச்சத்திலும் புழுக்கத்திலும் பாட்டிலுக்குள்ளேயே கெட்டுப்போச்சு. தேயிலைச் சாறு சில கம்பெனிகளில் முதல்நாளே பழுப்பாத்தான் வரும், அது வேற விஷயம். ஆனால் இளமஞ்சள் தே-ஓ ஆச்சுன்னா, அதைப் பூசுறதில் பலன் இல்லை. இந்த ஊர்ச் சூட்டுக்கு இந்த வகைச் சீரம் எல்லாமே குளிர்பதனப் பெட்டியில் இருக்கணும், நிறமூட்டின கண்ணாடியில், வாய் குறுகின பாட்டிலா இருக்கணும். சொட்டுக் குழாய் வச்ச பெரிய பாட்டில் திறக்கிற ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்குது.

வைட்டமின் சி-யும் இதே ரகம்தான். டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவர் இதை அலசி ஆராய்ஞ்சவர். கரைசலின் பிஎச் எண் 3.5-க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பா, இருந்தால்தான் அது தோலுக்குள் இறங்கும், 20 சதவீதத்துக்கு மேல் கூட்டினாலும் பயனில்லை என்று 2001-லேயே காட்டினார். 2005-இல் அவருடைய குழு 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ கரைசலில் அரை சதவீதம் ஃபெருலிக் அமிலம் சேர்த்தாங்க. கரைசல் கெடாமல் நின்னது மட்டுமில்லை, வெயிலுக்கு எதிரான காப்பு 4 மடங்கிலிருந்து 8 மடங்காச்சு. சோதிச்சது பன்றித் தோலில், அதையும் சொல்லணும். ஃபெருலிக் அமிலம் எதில் இருக்கு? அரிசித் தவிட்டில். அதுக்காகத் தவிட்டைக் குழைச்சுப் பூசினா அந்தப் பலன் வருமான்னா, வராது. தவிட்டில் அது நாரோடு பிணைஞ்சு கிடக்கு. பிரிச்செடுத்துச் சரியான புளிப்பில் கரைச்சாத்தான் தோல் வாங்கிக்கும்.

இங்கேதான் உங்க ரெண்டாவது கேள்வி. செடி வேற, செடியிலிருந்து எடுத்த ஒற்றைப் பொருள் வேற. கார்போக அரிசியில் பக்கூச்சியால் இருக்கு. அதே விதையில் சொராலென்னும் இருக்கு. சொராலென் என்ற பேரே இந்தச் செடியோட சொராலியா என்ற பேரிலிருந்து வந்ததுதான். அது எலுமிச்சையில் இருக்கிற ஃபியூரோகூமரின் குடும்பம். வெண்புள்ளிக்கு நம்ம வைத்தியர்கள் கார்போக அரிசியைப் பூசி வெயில் காட்டச் சொன்னது அதனால்தான், நிறத்தைக் கூட்டத்தான். இப்போ யோசிங்க. மங்கு போகணும்னு நினைக்கிறவங்க முகத்தில், வெயில் பட்டால் கறுப்பைக் கூட்டுகிற விதை. நல்ல கம்பெனிகள் பக்கூச்சியாலைச் சுத்தம் பண்ணும்போது சொராலென்னை நீக்கிடுறாங்க. அந்த வேலைக்குத்தான் விலையில் ஒரு பங்கு போகுது.

ராஜம்_உட்லண்ட்ஸ் | செவ்வாய், காலை 7.15

தம்பி, நீங்கள் படித்தவர். ஆனால் எத்தனை தலைமுறையாகக் குழந்தைக்குக் கூட நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம்? எந்தக் குழந்தைக்கு வெந்துபோனது? எலுமிச்சையை ஒப்புக்கொள்கிறேன், தாதியம்மா சொன்ன பிறகு இனி யாருக்கும் சொல்லமாட்டேன். நலங்கு மாவையே குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

துவாஸ்_கலவைக்காரன் | செவ்வாய், மதியம் 12.50

ராஜம் அம்மா, உங்க கேள்வி நியாயம். மாவைத் தண்ணியில் குழைக்கிறோம், தேய்க்கிறோம், ரெண்டு நிமிஷத்தில் கழுவிடுறோம். சொராலென் தண்ணியில் அவ்வளவா கரையாது, தோலில் தங்க நேரமும் இல்லை. கார்போக அரிசி அதில் இருக்கிற பங்கும் கொஞ்சம். அதனால்தான் தலைமுறையா யாருக்கும் ஒண்ணும் ஆகலை. குளியலுக்கு அது அருமையான மாவு, சோப்பைப் போல எண்ணெய்ப் பசையைச் சுரண்டி எடுக்காது. நான் பயப்படுறது வேற ஒண்ணுக்கு. இப்போ காணொளிகளில் கார்போக அரிசியைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி "வீட்டுப் பக்கூச்சியால்"னு இரவு முழுக்கப் பூசச் சொல்றாங்க. எண்ணெயில் சொராலென் நல்லா இறங்கும். காலையில் அந்த முகத்தோட எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடந்தா என்ன ஆகும்? அதே செடி, அதே விதை. கழுவுறதா விடுறதா என்பதில் எல்லாம் மாறிடுது.

மாலா அக்கா, பக்கூச்சியாலுக்கு ஆதாரம் இருக்கான்னு கேப்பீங்க. 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. 44 பேர், 12 வாரம். ஒரு பாதிப் பேருக்கு அரை சதவீத பக்கூச்சியால் தினம் ரெண்டு வேளை, மறு பாதிப் பேருக்கு அரை சதவீத ரெட்டினால் ஒரு வேளை. சுருக்கமும் கருமையும் ரெண்டிலும் குறைஞ்சது, எது மேல்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்லை. ரெட்டினால் பக்கம் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம். நல்ல சேதிதான். ஆனால் 44 பேர் சின்னக் கூட்டம், 12 வாரம் சின்னக் காலம். ரெட்டினால் குடும்பத்து ரெட்டினாய்டுகளுக்குப் பல பத்தாண்டு ஆய்வு பின்னால் நிக்குது, இதுக்கு இன்னும் அது இல்லை.

பாட்டில் வாங்குறவங்க எல்லாரும் ஒரு எண்ணை மனசில் வச்சுக்கணும், 500. மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினா தோலின் மேலடுக்கு லேசில் விடாது. பக்கூச்சியால் 256, உள்ளே போயிடும். ஈஜிசிஜி 458, விளிம்பில் நிக்குது, அதுவும் தண்ணி விரும்பும் பொருள் என்பதால் திணறும். வல்லாரையின் மடக்காசோசைடு 975. அதனால வல்லாரைக் கிரீம் வீண்னு சொல்லலை, எரிச்சல் அடங்குது, தோல் ஈரம் பிடிச்சு நிக்குது, அது பலன்தான். தேக்கா சந்தையில் வல்லாரைக் கட்டு வாங்கி அரைச்சு அப்பினா, தோலை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன் ஊறும்னு எதிர்பார்க்கிறதுதான் தப்பு. துவையல் அரைங்க.

பேருந்து_பிடோக் | செவ்வாய், இரவு 11.20

நான் 22 வருஷமா தனியார் பேருந்து ஓட்டுறேன். என் வீட்டுக்காரம்மா இந்தப் பக்கத்தைக் காட்டினாங்க. எனக்கு ஒரு சந்தேகம். என் வலது கன்னத்துல கோடும் பொட்டும் இடதை விட அதிகம். வலது கை முழங்கைக்குக் கீழே இன்னொருத்தர் கை மாதிரி இருக்கு. குளிரூட்டி வண்டி, கண்ணாடி மூடித்தான் இருக்கும். வெயிலே உள்ள சுடாது. அப்புறம் எப்படி?

இரவு_தாதி | புதன், காலை 8.10

அண்ணே, நீங்க கேட்டது ரொம்ப முக்கியமான விஷயம். சுடுறது, சிவக்கிறது புறஊதா பி. அதைக் கண்ணாடி நிறுத்திடும். தோலைக் கிழவாக்குறதுல பெரும்பங்கு புறஊதா ஏ. அது பக்கவாட்டுக் கண்ணாடியைத் தாண்டி வரும், சூடே தெரியாது. முன்கண்ணாடி ரெண்டு அடுக்கு ஒட்டினது, பெரும்பாலும் தடுத்துடும். உங்க வலது பக்கம் இருக்கிறது ஒற்றைக் கண்ணாடி.

2012-ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல 69 வயசு லாரி ஓட்டுநர் படம் வந்துச்சு. 28 வருஷம் ஓட்டினவர். அந்த ஊர்ல ஓட்டுநர் இடது பக்கம் உக்காருவாங்க, அவர் முகத்துல இடது பக்கம் மட்டும் வரிவரியா தொங்கிப் போயிருக்கும். வலது பக்கத்தைப் பார்த்தா மகன்னு சொல்லலாம். அதே முகம், அதே சாப்பாடு, அதே வயசு. வித்தியாசம் ஜன்னல் மட்டும்தான்.

ஏ கதிர் உள்ளே போய் அந்த ஆக்சிஜன் துணுக்குகளை உண்டாக்கும். அதனால எம்எம்பிங்கிற நொதிகள் கிளம்பி கொலாஜனை அறுக்கும். இதை மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1990-களில் படிப்படியா கண்டுபிடிச்சாங்க. தோல் சிவக்காத கொஞ்ச வெயிலுக்கே அந்த நொதி கிளம்புது. செடிச்சாறு சீரம் எல்லாம் இந்த இடத்துல குறுக்கே நிக்கத்தான் பார்க்குது. ஆனா முதல்ல கதிரையே நிறுத்தணும். கண்ணாடிக்குப் புறஊதா தடுக்கும் படலம் ஒட்ட முடியுமான்னு முதலாளிகிட்ட கேளுங்க. இல்லேன்னா வலது கைக்குக் கைச்சட்டை, முகத்துக்கு சன்ஸ்கிரீன்.

துவாஸ்_கலவைக்காரன் | புதன், மதியம் 1.05

இந்தப் பதிவை நான் எழுதுற நேரத்தைப் பாருங்க. நம்ம ஊர்ல உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, 1 மணிக்கு மேல். நாம இருக்கிற தீர்க்கரேகைக்குச் சேராத நேரத்தைக் கடிகாரத்தில் வச்சிருக்கோம், இப்போதைய கணக்கு 1982-லிருந்து. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கி உணவங்காடிக்கு நடக்கிறது சரியா அந்த நேரத்தில்தான். தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கொரு தடவை புறஊதாக் குறியீட்டைப் போடுது, மேகம் இல்லாத நாளில் 11-ஐத் தாண்டுறதை நீங்களே பார்க்கலாம்.

பூசுற அளவிலும் ஏமாறுறோம். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் சோதிச்சுத்தான் சன்ஸ்கிரீன் பெட்டியில் எஸ்பிஎஃப் எண் போடுறோம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குக் கோடு இழுத்தாத்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேரும். நான் பார்க்கிறவங்க பெரும்பாலும் பட்டாணி அளவு எடுக்கிறாங்க.

பாலிடெக்னிக்_பொண்ணு | புதன், மாலை 6.40

அண்ணா, பூசுறதுக்குப் பதிலா மாத்திரையா சாப்பிட்டா? திராட்சை விதை, பீட்டா கரோட்டின் எல்லாம் விக்கிறாங்க. "ஓராக்" எண் ரொம்ப அதிகம்னு பெட்டியில போட்டிருக்கு.

துவாஸ்_கலவைக்காரன் | புதன், இரவு 10.15

தங்கச்சி, ஓராக் என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாய்க்குள் அளக்கிற எண். அமெரிக்க வேளாண் துறை அந்த எண்களை ஒரு பட்டியலா வெளியிட்டிருந்தது. உடம்புக்குள் நடக்கிறதோட அதுக்குச் சம்பந்தம் இல்லைன்னு 2012-இல் அவங்களே எடுத்துட்டாங்க.

உனக்கு இன்னொண்ணு சொல்றேன், எனக்கு மனசில் நின்ன ஆய்வு இது. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊர். 55 வயசுக்குக் கீழே 903 பேர். 1992-லிருந்து நாலரை வருஷம். சிலருக்குத் தினமும் சன்ஸ்கிரீன், சிலர் தோணினபோது மட்டும். கூடவே சிலருக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. புறங்கைத் தோலுக்கு அச்சு எடுத்து வரிகளை எண்ணினாங்க. தினமும் பூசினவங்க தோல் மத்தவங்களை விட 24 சதவீதம் குறைவா மூப்படைஞ்சது. மாத்திரை? ஒட்டுமொத்தமா எந்த வித்தியாசமும் தெரியலை. ஒரே ஆய்வில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்துட்டாங்க. இன்னும் ஒண்ணு, புகைபிடிக்கிறவங்க யாராவது வீட்டில் இருந்தா அவங்க பீட்டா கரோட்டின் மாத்திரைப் பக்கமே போக வேண்டாம். ஃபின்லாந்தில் 29,000-க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடித்தான் போச்சு. 1994-இல் வந்த முடிவு. கேரட்டும் கீரையும் சாப்பிடு, அது வேற.

இரவு_தாதி | வியாழன், காலை 7.50

மாலா, மங்குக்கு மட்டும் ஒண்ணு சேர்க்கிறேன். நம்ம நிறத்துக்கு வயசு முதல்ல கோடா வராது, கருமையாத்தான் வரும். அதைக் கிளப்புறதுல கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கு. வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவா நிறுத்தாது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நம்ம தோல் நிறத்துல இருக்கிற சன்ஸ்கிரீனா பாருங்க. இணையத்துல "மூணு நாள்ல மங்கு போகும்"னு வர்ற கிரீம் எதையும் தொடாதீங்க. பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களைப் பத்தி சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனையோ தடவை எச்சரிச்சிருக்கு. கடையில விக்கிற அழகுப் பொருளையும் கம்பெனி ஆணையத்துக்கு அறிவிக்கணும், அவ்வளவுதான். ஆணையம் ஒவ்வொண்ணையும் சோதிச்சு நல்லதுன்னு சொன்னதா அர்த்தம் இல்லை. மங்குக்கு ஹார்மோனும் காரணமா இருக்கலாம், பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) ஒரு தடவை காட்டுங்க.

மாலா_செங்காங் | மூன்று மாதம் கழித்து, சனி, மாலை 4.30

எல்லாருக்கும் நன்றி. சொல்லாம போகக்கூடாதுன்னு வந்தேன். தே-ஓ பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன். மருந்தகத்துல காட்டினேன், தோல் நிபுணர்கிட்ட எழுதிக் கொடுத்தாங்க, அங்கே கொடுத்த மருந்தைத்தான் இரவுல போடுறேன். பகல்ல நிறம் சேர்ந்த சன்ஸ்கிரீன், ரெண்டு விரல் கணக்கு. முதல் வாரம் கை கூசுச்சு, இவ்வளவா போடணும்னு. வல்லாரைக் கிரீம் ஒண்ணு வச்சிருக்கேன், மருந்து எரியிற அன்னைக்கு மட்டும். பக்கூச்சியால் வாங்கலை. மருந்து முடிஞ்சப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்னு இருக்கேன்.

வலது கன்னத்து மங்கு ஓரம் கரைஞ்சிருக்கு. இடது இன்னும் அப்படியேதான். அதைப் பார்த்தா வருத்தமாத்தான் இருக்கு.

அம்மாகிட்ட துவாஸ் தம்பி எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். வாழைப்பூ உதாரணம் வந்ததும் "சரியாத்தான் சொல்றான்"ன்னாங்க. அப்புறம் தாம்பாளத்தை மடியில வச்சுக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, கார்போக அரிசியை ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்துட்டாங்க. அரைமணி நேரம். "உன் முகத்துக்கு வேண்டாம்"னு மட்டும் சொன்னாங்க.

பேருந்து_பிடோக் | சனி, இரவு 9.45

படலம் ஒட்டியாச்சு தங்கச்சி. முதலாளி முதல்ல யோசிச்சார், நம்ம கையைக் காட்டினதும் ஒத்துக்கிட்டார். மத்த வண்டிக்கும் ஒட்டப் போறாங்க.

ராஜம்_உட்லண்ட்ஸ் | ஞாயிறு, காலை 6.55

மாலா கண்ணு, கார்போக அரிசி இல்லாமல் அம்மா அரைத்த மாவின் அளவைக் கொஞ்சம் எழுது. என் பேத்திக்கு வெளிப்புற வேலை, வெயிலில்தான் நிற்கிறாள். அவளுக்கு அரைத்துக் கொடுக்கிறேன். அந்த ரெண்டு விரல் கணக்கையும் சொல்லிவிட்டேன்.

மாலா_செங்காங் | ஞாயிறு, காலை 9.20

அம்மா சொல்லச் சொல்ல எழுதுறேன் ராஜம் அம்மா. பச்சைப்பயறு அரை கிலோ, ஆவாரம்பூ 50 கிராம், காய்ஞ்ச ரோஜா இதழ் 50, பூலாங்கிழங்கு 50, கோரைக்கிழங்கு 25, வெட்டிவேர் 25. வெட்டிவேரைக் கத்தரிக்கோலால பொடியா வெட்டிக்கணும், இல்லேன்னா மிக்ஸி பிளேடுல சுத்திக்கும். எல்லாத்தையும் ரெண்டு நாள் காய வச்சு அரைச்சு, ரெண்டு தடவை சலிக்கணும். திப்பி இருந்தா தோலைக் கீறிடும்னு அம்மா சொல்றாங்க. தண்ணியில குழைச்சா போதும், தேய்ச்ச உடனே கழுவிடணும்.